நினைவக முகவரியும் பதினாறடிமான எண்ணும்: தமிழ் எழுத்துவரிசையை முன்வைத்து

முன்னுரை

திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் மூடப்பட்டது. எனினும், திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தில் கைபேசி உற்பத்தி இன்றும் தொடர்கிறது. கைபேசி நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. அதில் சேமிக்கப்படும் எழுத்துக்கு ஒரு குறியெண் உண்டு. இவ்விரண்டையும் பதினாறடிமானத்தில் எழுதுவது நிரலாளர் வழக்கு. அவ்வழக்கின் காரணத்தையும், தமிழ் எழுத்துவரிசை குறித்து அது புலப்படுத்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முகவரியைக் காட்டும் முறை

கணினி கையாள்வது 0, 1 என்னும் இரும இலக்கங்களை மட்டுமே. பதினாறடிமானம் மனிதர் வாசிப்பதற்கான வடிவமாகும். அதன் ஓர் இலக்கம் நான்கு இரும இலக்கங்களுக்கு ஈடானது. 1964இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 360 வரிசைக் கணினிகள் எட்டு இரும இலக்கப் பைட்டைக் கொண்டிருந்தமையால், ஒரு பைட்டை ஈரிலக்கத்திலும் 24 இரும இலக்க முகவரியை ஆறிலக்கத்திலும் எழுத முடிந்தது. அவ்வழிவந்த 370/155 கணினி 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்டது.

இம்முறையின் பயனுக்கு ஒரு சான்று: நினைவகம் 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்படுகையில், பக்கத் தொடக்கங்கள் பதின்மத்தில் 4096, 8192, 12288 என அமையும், பதினாறடிமானத்தில் 1000, 2000, 3000 என அமையும். எல்லை எதுவெனப் பார்த்த அளவில் விளங்கும்.

குறியெண்ணில் எழுத்துவரிசை

ஒருங்குறியில் தமிழுக்குரிய 128 இடங்களைப் பதினாறடிமான அட்டவணையாக நோக்கினால், ககரக் குறியெண் 95 எனவும் ஙகரக் குறியெண் 99 எனவும் முடிகின்றன. இடைப்பட்ட மூன்று இடங்களும் வெற்றிடங்கள். இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி அமைப்பைப் பின்பற்றியதால், பிற மொழிகளின் வர்க்க எழுத்துகளுக்குரிய இடங்கள் தமிழில் வெறுமையாக நின்றன. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வந்தன. ஆகவே, குறியெண்ணை மட்டும் கொண்டு சொற்களை அடுக்கினால் அகராதி வரிசை பிறழும். தனி வரிசையாக்க விதி தேவைப்படும்.

2010 சூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு ஏற்ற ‘டேஸ்16’ குறியேற்றத்தில், ஒரு மெய்யும் அதன் பன்னிரண்டு உயிர்மெய்களும் ஒரே பதினாறிட வரிசையில் அடங்குகின்றன. கடைசி இலக்கம் உயிரையும் முந்தைய இலக்கங்கள் மெய்யையும் சுட்டும். எனினும், அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால் உலகப் பொதுப் பயன்பாட்டை எய்தவில்லை.

முடிவுரை

பதினாறடிமானம் ஒழுங்கைப் படைப்பதில்லை. உள்ள ஒழுங்கையும் ஒழுங்கின்மையையும் கண்ணுக்குக் காட்டுகிறது. தமிழ்ச் சொல்லடைவும் நூற்பட்டியலும் உருவாக்குவோர் அவ்வட்டவணையை வாசிக்கப் பழகுதல் இன்றியமையாதது.