மூத்தவாப்பாட சிவப்புத் தொப்பியும் இந்த ஒரு மாதமும்



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்று ஊத்தி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பைத்தியமும் தெரியும். பழைய உடுப்பு. யாருடைய வீட்டிலாவது பழைய கோட், எம்பிராய்டரி போட்ட தொப்பி, சாயம் போகாத மருதமுனைக் கைத்தறிச் சாறன் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். "சேர்க்கு வேற வேலை இல்லை" என்று என் மாணவர்களே சொல்வார்கள். இந்த மாதம் அந்தப் பைத்தியம் எனக்கு நாலு பாடம் படிப்பித்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

மாதத் தொடக்கத்தில் பாடசாலையில் கண்காட்சி என்று முடிவாயிற்று. வரலாற்றுப் பகுதி என் பொறுப்பு. பானை, உலக்கை, சுளகு எல்லாம் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். நான் உம்மாவின் வீட்டுக்குப் போய் அறையில் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாச்சா உருண்டை வாசத்துக்கு அடியில், பழைய துணியில் சுற்றி, மூத்தவாப்பாட துருக்கித் தொப்பி இருந்தது. கலியாணத்துக்கும் இரண்டு பெருநாளுக்கும் மட்டும் போட்டதாம். சிவப்பு மங்கிப் பழுத்த ஈச்சம்பழ நிறத்துக்கு வந்திருந்தது. கறுப்புக் குஞ்சத்தில் பாதி கொட்டியிருந்தது. உள்ளே ஒட்டிய லேபலில் எழுத்து ஒன்றும் மிச்சமில்லை.

அதைக் கண்காட்சி மேசையில் வைத்தேன். தரம் 8 பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், இது மெஜிக் காட்டுறவங்க போடுற தொப்பியா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சில் குத்தவும் செய்தது. ஒரு காலத்தில் இந்தத் தொப்பிக்காக இந்த நாட்டு முஸ்லிம்கள் நீதிமன்றத்தோடு மல்லுக்கு நின்றார்கள். அதன் பேரப்பிள்ளைகளுக்கு அது மெஜிக் தொப்பி. குற்றம் பிள்ளையில் இல்லை, சொல்லிக் கொடுக்காத எங்களில்தான். அன்று அங்கேயே நின்று சொன்ன கதையைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

1905 மே 2ஆம் திகதி. கொழும்பு உயர் நீதிமன்றம். வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு ஆஜராகிறார். பிரதம நீதியரசர் சேர் சார்ல்ஸ் பீட்டர் லயார்ட். தொப்பியோடு வாதாட முடியாது என்கிறார்.

வெள்ளைக்காரனின் வழக்கப்படி மரியாதை என்றால் தலையைத் திறப்பது. அவன் தேவாலயத்துக்குள் போனாலும் தொப்பியைக் கழற்றுவான். எங்கள் வழக்கம் நேர்மாறு. பள்ளிக்குப் போனால் தலையை மூடுவோம், செருப்பைக் கழற்றுவோம். இரண்டுமே மரியாதைதான். ஒரு பக்கத்துக்கு மட்டும் கதிரையும் சட்டமும் கையில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இதில் வேடிக்கை, ஆங்கிலேய நீதிமன்ற மரபில் நீதிபதியின் தலையில் குதிரை மயிரால் செய்த பொய்முடி இருக்கும். அது தலையை மூடியதாகக் கணக்கில் வராது!

விஷயம் ஒரு வழக்கறிஞரோடு நிற்கவில்லை. தொப்பிக்காகவே ஒரு குழு அமைந்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றவர்கள் முன்னுக்கு நின்றார்கள். பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் இலங்கைச் சோனகரின் இனமூலம் பற்றி வாசித்த கட்டுரைக்கு 1907இல் நூலாகவே மறுப்பு எழுதியவர் இவர். 'நாங்கள் யார்' என்ற கேள்வி கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. 1905 டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம். தலைமை கரீம்ஜி ஜபர்ஜி. இந்தியாவிலிருந்து மௌலவி ரபியுத்தீன் அஹமத் வந்து பேசினார். பிறகு அந்தத் தடை தளர்ந்தது. முஸ்லிம் வழக்கறிஞர் தொப்பியோடு நீதிமன்றம் ஏறினார். ஆயுதம் இல்லை, கலவரம் இல்லை. கூட்டம் கூடி, மனு எழுதி, வாதாடிப் பெற்ற வெற்றி.

"சேர், அப்ப அது எங்கட மார்க்கத் தொப்பியா?" என்று அடுத்த கேள்வி வந்தது. நல்ல கேள்வி. பதில்தான் சிக்கலானது.

இல்லை. அந்தத் தொப்பி இங்கு வந்தே அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அதற்கு முந்திய கொழும்புச் சோனகர்களின் படங்களைப் பாருங்கள். உயரமான, பூவேலை செய்த வண்ணத் தொப்பி ஒன்று இருக்கும். தலைப்பாகையும் இருக்கும். 1883 ஜனவரியில் எகிப்திலிருந்து அஹ்மத் ஒராபி பாஷாவையும் தோழர்கள் ஆறு பேரையும் ஆங்கிலேயர் நாடு கடத்திக் கொழும்பில் இறக்கினார்கள். ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நின்ற படைத்தளபதி. அவர் தலையில் சிவப்புத் தொப்பி. பார்த்த எங்கள் ஆட்கள் அதைத் தங்கள் தலையிலும் வைத்துக்கொண்டார்கள். 1892இல் கொழும்பில் ஸாஹிரா தொடங்கப்பட்டபோது ஒராபி பாஷா அங்கே இருந்தார். சித்திலெப்பை போன்றவர்கள் கல்விக்காக ஓடித்திரிந்த காலமும் அதுவே. 1901இல் பாஷா ஊர் திரும்பினார். தொப்பி இங்கேயே தங்கிவிட்டது. பின்னாளில் டி.பி. ஜாயா, சேர் ராசிக் பரீத் போன்ற தலைவர்களின் படங்களிலும் அதைக் காணலாம்.

சரி, துருக்கியில்? அங்கேயும் அது ஆதிகாலத்துச் சாமான் இல்லை. 1829இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத், அரச ஊழியர்கள் தலைப்பாகையை விட்டு இதைத்தான் போட வேண்டும் என்று கட்டளை போட்டார். அன்று அது புதுமை. முணுமுணுத்தவர்கள் ஏராளம். நூறு வருடம் முடிவதற்குள் அதுவே பாரம்பரியமாகிவிட்டது. 1925 நவம்பர் 25இல் முஸ்தபா கமாலின் அரசு தொப்பிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இனி விளிம்பு வைத்த ஐரோப்பியத் தொப்பிதான், சிவப்புத் தொப்பி போட்டால் குற்றம். எதிர்த்தவர்கள் கைதானார்கள், சிலர் தூக்கு மேடைக்கும் போனார்கள். இஸ்கிலிப்லி ஆதிப் என்ற ஆலிம், மேற்கத்தியரைப் பார்த்து உடுப்பதைக் கண்டித்து ஒரு சிறுநூல் எழுதியிருந்தார். எழுதியது 1924இல், சட்டம் வருவதற்கு முந்தி. அவரை 1926 பெப்ரவரியில் தூக்கிலிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். என் மூத்தவாப்பா அட்டாளைச்சேனையில் மாப்பிள்ளையாகத் துருக்கித் தொப்பி போட்டு நின்றபோது, துருக்கியில் அது தடை செய்யப்பட்டுப் பத்து வருடமளவில் ஆகியிருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தாலும் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. 'துருக்கித் தொப்பி' என்றாலும் அதில் பெரும்பங்கு ஒஸ்திரியாவில் செய்தது. 1908 ஒக்டோபரில் ஒஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கோபத்தில் ஒஸ்திரியப் பொருட்களைப் பகிஷ்கரிக்கப் புறப்பட்ட உஸ்மானிய மக்கள் தங்கள் தலையைத் தடவிப் பார்த்தார்கள். தொப்பியே எதிரி நாட்டுச் சரக்கு! பலர் அதைக் கழற்றிவிட்டு உள்ளூர்த் தொப்பி தேடினார்கள். பெருமை எங்களுடையது, தொழிற்சாலை வேறு யாருடையதோ. இப்போது எங்கள் பெருநாள் உடுப்புகளின் லேபலைத் திருப்பிப் பாருங்கள். கதை மாறியிருக்கிறதா?

கண்காட்சியின் கடைசி நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். நான் மதிக்கிறவர். தொப்பியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சுன்னத்தா தம்பி? பிள்ளைகளுக்கு ஏன் தேவையில்லாததைக் காட்டுறீங்க?" என்றார். நான் வாதாடவில்லை. "சுன்னத்து என்று காட்டவில்லை ஹாஜியார். எங்கட ஆட்கள் ஒரு காலம் எப்படி நடந்தாங்க என்று காட்டுறன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எங்கட வாப்பாட்டயும் ஒண்டு இருந்த. நாங்க பந்து விளையாடித் துலைச்சிட்டம்" என்று சொல்லிச் சிரித்தார். தொப்பியைத் திருப்பி வைக்கும்போது குஞ்சத்தை நேராக்கி வைத்துவிட்டுத்தான் போனார்.

இதை எழுதும்போது 2019 ஞாபகத்துக்கு வராமல் இல்லை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடும் உடுப்புக்குத் தடை. ஓகஸ்டில் அவசரகாலச் சட்டத்தோடு அது காலாவதியானது. சட்டம் சொன்னது முகத்தை மட்டும். ஆனால் அந்த நாட்களில் என் ராத்தா முகம் திறந்து, தலையில் துணி போட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது வாசலில் நின்றவர் துணியைக் கழற்றச் சொன்னார். ராத்தா வேலையை முடிக்காமலே திரும்பிவந்தா. அவ்வுக்கு மருதானை வளவும் இல்லை, கரீம்ஜி ஜபர்ஜியும் இல்லை. பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து அழுதா. தொப்பிக் கதையை நான் வெற்றிக்கதையாகச் சொல்லும்போதெல்லாம் அவ்வுடைய முகம் குறுக்கே வருகிறது.

அதுதான் இந்த மாதத்தின் கடைசிப் பாடத்துக்கு என்னைக் கொண்டுபோனது. கண்காட்சி முடிந்து தொப்பியைத் திருப்பி வைக்க உம்மாவிடம் போனேன். பெட்டியைப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. மூத்தவாப்பாட தொப்பி இருக்கிறது, கோட் இருக்கிறது, பளேகாட் சாறன்கூட ஒன்று இருக்கிறது. மூத்தும்மாட ஒரு துண்டுத் துணி இல்லை. 1905ஐப் பற்றி வாசித்ததிலும் அப்படித்தான். கூட்டம் கூடிய ஆண்களின் பெயர் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பெண்கள் அன்று என்ன உடுத்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று எழுதி வைத்தவர் யார்?

"உம்மா, மூத்தும்மாட சீலை ஒண்டும் வெய்க்கல்லியா?" என்று கேட்டேன்.

உம்மா என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபம் இருந்தது. "வெச்சிருக்க அவவுக்கு என்ன, முப்பது சீலையா மனே? நல்லது ரெண்டு. ஒண்ட மாமிட கலியாணத்துக்குக் குடுத்த. சுனாமில சாய்ந்தமருது வீட்டோட அதும் போன. மத்தத உடுத்துக் கிழிஞ்ச. கிழிஞ்சதில உனக்கு ஏணை கட்டின. நீ மூத்திரம் பெஞ்சி பெஞ்சி அதும் இத்துப் போன. மிச்சத்தில சட்டி துடைச்ச."

நான் வாயடைத்துப் போனேன். பழைய உடுப்புக்காக ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்தவன் நான். நான் தேடிய சீலையிலேயே படுத்து வளர்ந்திருக்கிறேன்.

உம்மா பிறகு சொல்லிக்கொண்டே போனா. மூத்தும்மா வீட்டில் எப்படிச் சீலை கட்டுவா, வெளியில் போகும்போது முந்தானையை எப்படி முக்காடாக இழுத்து ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொள்வா, மாட்டு வண்டிக்கு முன்னும் பின்னும் எப்படிச் சீலை கட்டி மறைப்பார்கள், சீலை சாயம் போகாமல் இருக்க முதல் தரம் உப்புத் தண்ணீரில் எப்படி ஊறவைப்பா, எல்லாம். நான் போனில் பதிவு செய்துகொண்டேன். நாற்பது நிமிடம். என் சேகரிப்பில் இப்போது பெறுமதியானது எது என்று கேட்டால், அந்த நாற்பது நிமிடம்தான்.

இன்றைக்கு எங்கள் பெண்கள் அபாயா போடுகிறார்கள். நாளை வேறு ஒன்று வரலாம். சீலை முக்காட்டை 'அறியாக் காலத்து உடுப்பு' என்று சிலர் ஏளனம் செய்வதையும், அபாயாவை 'அந்நிய உடுப்பு' என்று சிலர் துரத்துவதையும் கேட்கிறேன். இரண்டு பக்கத்தாருக்கும் அந்தச் சிவப்புத் தொப்பியைக் காட்ட ஆசை. புதிதாய் வந்து, பாரம்பரியமாகி, பெருமையாகி, ஓரிடத்தில் குற்றமாகி, கடைசியில் பிள்ளைகள் கண்ணுக்கு மெஜிக் தொப்பியாகிப்போன ஒன்று. அப்துல் காதர் நின்றது துணிக்காக மட்டும் இல்லை. என் தலையில் என்ன இருக்க வேண்டும் என்று இன்னொருவன் கட்டளையிட முடியாது என்பதற்காக. அது ஆணுக்குச் சரியென்றால் என் ராத்தாவுக்கும் சரிதான். கழற்று என்று அதட்டினாலும் போடு என்று அதட்டினாலும் சரிதான்.

அடுத்த வருடக் கண்காட்சியில் தொப்பிக்குப் பக்கத்தில் ஓர் ஏணை கட்டுவதாக நினைத்திருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். துணி மூத்தும்மாடதாக இருக்காது. மருதமுனைத் தறியில் ஒன்று வாங்கவேணும். பக்கத்தில் உம்மாவின் குரலைப் போட்டுவிடுவேன்.

உங்கள் வீட்டில் வாப்பாக்களின் தொப்பியும் கோட்டும் எப்படியும் எங்காவது இருக்கும். இந்தக் கிழமை உம்மாவிடமோ மூத்தும்மாவிடமோ போய், அவர்களின் கலியாணச் சீலைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். என் உம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கேட்க நான் இவ்வளவு காலம் எடுத்துவிட்டேன்.