தூண்களின் தீவு

அன்னவாசலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாறை புதிதன்று. வீட்டு வாசலில் நின்று பார்த்தாலே சித்தன்னவாசல் குன்றின் நீண்ட முதுகு தெரியும். கடல்தான் புதிது. புதுக்கோட்டை மாவட்டத்திற்கும் கடற்கரை உண்டு. கோட்டைப்பட்டினம், மீமிசல், மணமேல்குடி என்று உறவுமுறையாகவும் திருமணத் தொடர்பாகவும் நாம் போய்வரும் ஊர்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் அக்கரையில் மணலும் சேறும் ஆழமற்ற நீருமே காணலாம்; ஏறி நின்று அலையைப் பார்க்க ஒரு கல் கிடையாது. பாறையும் கடலும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றைக் கண்டு வரவேண்டும் என்பது நம் நெடுநாளைய ஆவல். சென்ற தை மாதத்தில் அது கைகூடியது. கர்நாடக மாநிலத்தில் உடுப்பியை அடுத்த மால்பே துறைமுகத்திலிருந்து, பேரப்பிள்ளைகள் சகிதம் படகேறினோம்.

மால்பேக்கு எதிரே கடலில் நான்கு சிறு தீவுகள் உள்ளன. செயிண்ட் மேரி தீவுகள் என்பது அவற்றின் இன்றைய பெயர். பயணிகளைக் கொண்டு இறக்குவது தென்னந்தீவு எனப்படும் ஒன்றில்தான். மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் படகு விடுவதில்லை. மற்ற மாதங்களில் கூட்டத்திற்குக் குறைவில்லை. இறங்கியதும் காலடியில் நெறுநெறுவென்று ஒலி கேட்டது. குனிந்து பார்த்தால் மணலில் பெரும்பங்கு சிப்பியும் சங்கும் நொறுங்கிய துண்டுகளே.

அதற்கப்பால் நின்றன தூண்கள். தச்சன் இழைத்துச் செதுக்கியவைபோல் பட்டை பட்டையாக, ஒன்றோடொன்று நெருங்கி, நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. சில ஆளுயரத்தையும் மிஞ்சியவை. சில சாய்ந்து கிடக்கின்றன. இன்னும் சில அலையால் தேய்ந்து, தலை மட்டும் தரையோடு தரையாகத் தெரிய, யாரோ ஓடு பாவிய முற்றம்போல் காட்சி தருகின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஆறு முகம். ஐந்தும் நான்கும் ஏழும் கொண்டவையும் உண்டு. எந்த மன்னன் எழுப்பிய மண்டபம் இடிந்து கிடக்கிறதோ என்றுதான் முதற் பார்வைக்குத் தோன்றுகிறது.

“நன்னா, நம்ம கம்மாய் காஞ்சு கெடக்கிற மாதிரியே இருக்கே!” என்றான் பேரன்.

பையன் சொன்னது வேடிக்கைக்காக. ஆனால் நிலவியலார் தரும் விளக்கமும் ஏறத்தாழ அதுவே. கோடையில் கண்மாயின் வண்டல் காயும்போது சுருங்குகிறது; சுருங்குவதால் வெடிக்கிறது; வெடிப்புகள் ஒன்றையொன்று சந்தித்து ஐந்து மூலை, ஆறு மூலைப் பாளங்களாகின்றன. இங்கே காய்ந்தது வண்டல் அன்று, எரிமலைக் குழம்பு. மேற்புறம் முதலில் ஆறிச் சுருங்கி வெடிக்க, உட்புறம் ஆற ஆற அவ்வெடிப்புகள் உள்ளே இறங்கிக் கல்லை நெட்டுக்கு நெட்டாகப் பிளந்துவிட்டன. இக்கல்லைப் பசால்ட் என்று பலரும் எழுதுகின்றனர். ஆய்வாளர்கள் ரயோலைட்டு, டாசைட்டு வகையைச் சேர்ந்தது என்கின்றனர். இதன் வயது 8.5 கோடி முதல் 9.1 கோடி ஆண்டுகள் என்று அளந்திருக்கிறார்கள். அக்காலத்தில் மடகாஸ்கர் தீவு இந்தியாவின் மேற்குக் கரையோடு ஒட்டியிருந்து பிரிந்துகொண்டிருந்தது. அந்தப் பிரிவினையின்போது பூமி கக்கிய குழம்பே இத்தூண்களாயிற்று. ஆப்பிரிக்காவுக்கு அருகே கிடக்கும் மடகாஸ்கருக்கும் உடுப்பிக்கும் ஒரு காலத்தில் தோணி தேவைப்படவில்லை! அயர்லாந்தின் வடகரையிலும் இத்தகைய தூண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவ்வூரார் அதனை அரக்கன் போட்ட பாலம் என்று கதை கட்டினர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இத்தீவைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது.

கல்லின் வரலாறு இவ்வளவில் இருக்கட்டும். நம்மை அங்கே நெடுநேரம் நிற்க வைத்தது, இத்தீவில் ஒருகாலத்தில் நடப்பட்ட மற்றொரு தூண். அது மனிதன் நட்டது.

1498 ஆகஸ்டு 29இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை விட்டுப் புறப்பட்டான். சாமூதிரி மன்னரோடு மனத்தாங்கல். எதிர்பார்த்த வாணிபமும் வாய்க்கவில்லை. கரையோரமாக வடக்கு நோக்கிச் சென்ற கப்பல்கள் செப்டம்பர் 15இல் கரையிலிருந்து சிறிது தொலைவில் இருந்த தீவுக் கூட்டம் ஒன்றை அடைந்தன. போர்த்துகல் மன்னர் மூன்று கல்தூண்களை நாட்டிவருமாறு கொடுத்தனுப்பியிருந்தார். முதலாவது ஆப்பிரிக்கக் கரையிலும், இரண்டாவது கோழிக்கோட்டிலும் நின்றுவிட்டன. எஞ்சிய மூன்றாவதை, சாந்தா மரியா என்னும் பெயருடையதை, இங்கே நாட்டினர். தீவுக்கு அப்பெயரே நிலைத்தது.

அக்கப்பல்களில் வந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. அதில் இந்நிகழ்ச்சி சில வரிகளில் இடம்பெறுகிறது. உள்ளூர் மீனவர் படகுகளில் மீன் கொண்டுவந்தனராம். காமா அவர்களுக்குச் சட்டைகளை அன்பளிப்பாக வழங்கினானாம். தீவில் தூண் நாட்டினால் உங்களுக்கு மகிழ்ச்சிதானே என்று வினவினானாம். அவர்களும் மிக மகிழ்ச்சி, நீங்களும் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் என்பது இதனால் உறுதியாகும் என்றனராம்! கோயில்களைத் தேவாலயம் என்றே எண்ணிக்கொண்டிருந்த பயணம் அது. துளு பேசும் மீனவர் என்ன சொன்னார்கள், அது எத்தனை வாய் மாறி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். ஒரு சட்டையின் விலைக்கு ஒரு தீவின் பெயர் மாறிற்று என்று சொன்னால் மிகையாகாது.

இந்தக் காமாவை அரபிக் கடலைக் கடந்து கொண்டுவந்து சேர்த்தவர் யார்? கீழை ஆப்பிரிக்காவின் மலிந்தி நகரில், அந்நகர மன்னர் அனுப்பிய மாலுமி ஒருவர். நம் மேடைகளில் அவரை அரபு நாட்டுக் கடலியல் அறிஞர் இப்னு மாஜித் என்று பெருமையோடு கூறுவது வழக்கம். இது பிற்காலத்து நூல் ஒன்றின் சிறு குறிப்பிலிருந்து கிளைத்த கருத்து. ஆய்வாளர்கள் இதனை இப்பொழுது ஏற்பதில்லை. பெருமைக்காக வரலாற்றை வளைக்க வேண்டியதில்லை என்பது நம் எண்ணம். போர்த்துகேய வரலாற்றாசிரியர் பாரோஸ், அவர் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்றும், பெயர் ‘மாலெமோ கானா’ என்றும் எழுதுகிறார். ஊன்றிப் பார்த்தால் அது பெயரே அன்று. ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லே மாலெமோ. நம் தமிழில் மாலுமி என்று வழங்குவதும் அதுவே. ‘கானா’ என்பது விண்மீன் கணித்து வழி சொல்லும் கணகனைக் குறிப்பது. ஆக, உலக வரலாற்றைத் திருப்பிவிட்ட அப்பயணத்தை வழிநடத்தியவர் விட்டுச்சென்றது தொழிற்பெயர்கள் இரண்டு மட்டுமே. அவருக்குத் தூண் இல்லை, தீவும் இல்லை.

காமாவின் வருகைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இக்கரையில் நம்மவர் நிலைகொண்டிருந்தனர். 1342ஐ ஒட்டி இக்கரை வழியாகச் சென்ற இப்னு பதூதா, தீவுகளுக்கு எதிர்க்கரையில் உள்ள பார்க்கூரை ‘ஃபாக்கனூர்’ என்று குறிக்கிறார். அங்கு முஸ்லிம்கள் வாழ்ந்ததைச் சொல்கிறார். மங்களூரில் நாலாயிரம் முஸ்லிம்கள் இருந்ததாக எழுதுகிறார். அவ்வூர்க் காஜியைப் பற்றிய அவரது குறிப்பைப் படித்தபோது நமக்கு மெய்சிலிர்த்தது. ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர், கொடையாளி, கல்வி போதிப்பவர், பெயர் பத்ருத்தீன் அல்மஃபரீ. மஃபர் என்பது அரபியர் நம் தமிழகக் கரைக்கு இட்ட பெயர் அல்லவா! நம் பக்கத்து ஆலிம் ஒருவர், அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் மங்களூரில் அமர்ந்து நீதியும் கல்வியும் வழங்கியிருக்கிறார். அவரை நாமறிய எஞ்சியிருப்பது அந்த ஒரு குறிப்பே.

1502இல் காமா மீண்டும் வந்தான். இம்முறை தூண் கொண்டுவரவில்லை, பீரங்கிகளைக் கொண்டுவந்தான். கண்ணூருக்கு வடக்கே ஏழிமலைக் கடலில், மக்கமா நகரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஹாஜிகளின் மீரீ என்னும் கப்பலை மறித்தான். அதில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆடவரும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளும் இருந்தனர். உள்ள பொருளையெல்லாம் தருகிறோம் என்று மன்றாடினர். தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டி இரக்கம் வேண்டினர். அக்டோபர் தொடக்கத்தில் கப்பல் மக்களோடு எரிக்கப்பட்டது. சிறுவர் சிலரை மட்டும் மதம் மாற்றுவதற்கென எடுத்துக்கொண்டனர். இதை நாம் கட்டிச் சொல்லவில்லை. அதே கப்பற்படையில் எழுத்தராக வந்த தொமே லோப்பெஸ் என்னும் போர்த்துகேயரே நேரில் கண்டு, வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார். தன் தலைவனின் செயலை மறைக்காத அவரது பேனாவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இவற்றையெல்லாம் நினைத்தபடி நின்றிருந்த வேளையில், சிறிய பேரன் கூரான சிப்பி ஒன்றை எடுத்து ஒரு தூணில் தன் பெயரைக் கீறத் தொடங்கியிருந்தான். அவனுக்கு முன்பே பலர் அத்தொண்டைச் செய்திருந்தனர். கையைப் பிடித்து நிறுத்தினோம். “எல்லாரும் எழுதியிருக்காங்களே நன்னா” என்றான்.

சித்தன்னவாசலிலும் இதே வழக்கைக் கேட்டிருக்கிறோம். அங்கே ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் சமண முனிவர்களுக்காக வழவழப்பாக்கிய கற்படுக்கைகள் பதினேழு உள்ளன. அவற்றுள் ஒன்றின் அருகே பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பர். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி ஒருவருக்கு, சிறுபோசில் இளையர் என்பார் இருக்கை செய்து தந்த செய்தி அதில் உள்ளது. எருமிநாடு என்பது மைசூர்ப் பகுதி என்று ஆய்வாளர் கொள்வர். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் நம் குன்றில் தங்கினார். அவர் இன்னார், இவ்வூரார் என்று நம்மவர் பொறித்துவைத்தனர். அங்கும் சுற்றிலும் இன்றைய கீறல்கள் உண்டு.

மாலையில் திரும்பும் படகில், ஓட்டி வந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். துளுவும் அரைகுறை இந்தியுமாகப் பதில் வந்தது. இந்தத் தீவுக்கு உங்கள் பெரியவர்கள் என்ன பெயர் சொல்வார்கள் என்று கேட்டோம்.

“தோன்சே பார்” என்றார்.

தோன்சே என்பது எதிர்க்கரையில் உள்ள ஊர். பார் என்றால் என்ன என்று நாம் கேட்கவில்லை. கடலுக்குள் கிடக்கும் பாறைத்திட்டை நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பார் என்றுதான் சொல்வார்கள். முத்துக் குளித்ததும் பாரில்தான்.