அப்படி நடந்திருந்தால்...? 1848 ஐரோப்பாவும் எங்கட தீவும்

வேலைத்தலத்தில் என்னோடு ஒரே மெசினில் நிற்கிற இத்தாலிக்காரர் ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் தாய் தகப்பனோடு கப்பலில் வந்து இறங்கியவர். "நீங்கள் இத்தாலியரோ?" என்று ஆரும் கேட்டால், "நான் கலாபிரியன்" என்றுதான் முதலில் சொல்லுவார். கரிபால்டி வந்தார், அவருக்குப் பின்னால் வரியும் பட்டாளமும் வந்தது, பாண் மட்டும் வரவில்லை எண்டு தங்கட ஊரில் ஒரு கதை இருக்காம். உயர்தர வகுப்பில் இத்தாலியின் ஐக்கியத்தைப் பாடமாக்கி எழுதின எனக்கு இந்தப் பக்கத்தை ஒருவரும் சொல்லித் தரேல்லை. மசினி, கவூர், கரிபால்டி என்று மூன்று பெயர் எழுதினால் புள்ளி கிடைக்கும். நாலாவதாக ஒரு பெயர் இருக்கிறது. கார்லோ கத்தானியோ.

1848ஆம் ஆண்டு மார்ச் 18 முதல் 22 வரை மிலான் நகர மக்கள் ஐந்து நாட்கள் தெருத்தெருவாகச் சண்டை பிடித்து ஒஸ்திரியப் படையை வெளியேற்றினார்கள். அந்தச் சண்டையை நடத்திய போர்ச்சபையின் முக்கிய மூளை கத்தானியோதான். படித்த மனிதர், துவக்குப் பிடித்துப் பழகியவரல்ல. இத்தாலி ஒன்றுசேர வேண்டும், ஆனால் ஒவ்வொரு பிரதேசமும் தன் சட்டத்தையும் சபையையும் வைத்துக்கொண்டு சமஷ்டியாகச் சேர வேண்டும் என்பது அவரது கட்சி. கேட்டவர்கள் கொஞ்சப் பேர். மிலான் பிரபுக்கள் பீட்மொன்ட் அரசரை நம்பினார்கள். அரசர் அந்த வருடம் யூலையில் குஸ்தோசாவில் தோற்றார்.

பிறகு 1861இல் இத்தாலி இராச்சியம் உருவானபோது பீட்மொன்டின் சட்டமும் நிர்வாகமும் தெற்குவரை அப்படியே நீட்டப்பட்டன. பிரதேசங்களுக்குக் கொஞ்ச அதிகாரம் கொடுப்போம் என்று மிங்கெட்டி என்ற அமைச்சர் அதே வருடம் ஒரு திட்டம் கொண்டுவந்தார். அது கைவிடப்பட்டது. தெற்கில் கலகம் வெடித்தது. அடக்குவதற்கு ஒரு இலட்சம் படையினர் வரை தேவைப்பட்டார்கள். அரசாங்கம் அவர்களைக் 'கொள்ளையர்' என்று கூப்பிட்டது. (எங்களுக்குப் பழக்கமான விஷயம்தான்.) பிரதேச சபைகள் 1948 அரசியலமைப்பில் எழுதப்பட்டு, பெரும்பாலான இடங்களில் 1970இல்தான் நடைமுறைக்கு வந்தன. 1861இல் கொடுத்திருக்கக் கூடியதைக் கொடுக்க 109 வருடம்.

யேர்மனியில் நடந்தது வேறு. பிராங்பேர்ட்டில் கூடிய பாராளுமன்றம் 1849 மார்ச்சில் பிரஷ்ய அரசர் நாலாம் பிரெடெரிக் வில்லியத்துக்கு முடி கொடுக்கத் தீர்மானித்தது. மக்கள் பிரதிநிதிகள் தரும் முடி தனக்கு வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். பிறகு பிஸ்மார்க் மூன்று யுத்தங்கள் நடத்தி 1871இல் யேர்மனியை ஒன்றாக்கினார். அரசர் முடியை ஏற்றிருந்தால் பின்னால் வந்த இரண்டு உலக யுத்தங்களும் வந்திராது என்று சிலர் சொல்லுவினம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஏற்றிருந்தால் ஒஸ்திரியாவோடு அப்பவே யுத்தம் வந்திருக்கலாம்.

அந்த வருடத்தில் உண்மையாகவே ஒரு காரியம் சரிவந்த இடம் இன்று எம்மவர் பலர் வாழும் சுவிஸ். 1847 நவம்பரில் அங்கேயும் உள்நாட்டு யுத்தம் நடந்தது. ஒரு மாதத்துக்குள் முடிந்தது, இறந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். தோற்றவர்களை மரியாதையாக நடத்தும்படி தளபதி டுபூர் தன் படைக்குக் கட்டளையிட்டார். 1848 செப்டெம்பரில் சமஷ்டி அரசியலமைப்பு வந்தது. யேர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் மூன்றும் தேசிய மொழிகளாயின. வென்றவன் கை ஓங்கியிருக்கும்போதே விட்டுக்கொடுத்த இடம் அது ஒன்றுதான்.

இனி எங்கட தீவுக்கு வருவோம். இத்தாலியை ஒன்றாக்க அரசரும் புரட்சிக்காரரும் பட்ட பாட்டை, இலங்கையில் கோல்புறூக், கமரன் என்ற இரண்டு ஆங்கிலேய உத்தியோகத்தரின் அறிக்கைகள் 1833இல் செய்து முடித்தன. அதற்கு முன் கண்டிப் பகுதிக்கு வேறு நிர்வாகம், கரையோரத்துக்கு வேறு. அதை ஐந்து மாகாணமாக்கி, கொழும்பில் ஒரு சட்டநிரூபண சபையும் வைத்தார்கள். அநுராதபுரப் பக்கம் 1873 வரை வட மாகாணத்துக்குள் இருந்தது. சிக்கனமும் வசதியும் பார்த்துக் கோடு போட்டார்கள். எந்தச் சனத்திடமும் ஆரும் கேட்கவில்லை.

1848 எங்களையும் தொட்டது. டொரிங்டன் தேசாதிபதி துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி போட்டார். கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையை நடத்திய அயர்லாந்துக்காரர் டொக்டர் எலியட், பாரிஸ் புரட்சியை உதாரணம் காட்டிச் சனம் பிரதிநிதித்துவம் கேட்கவேண்டும் என்று எழுதினார். யூலையில் மாத்தளையில் கலகம் தொடங்கியது. ஆனால் கலகக்காரர் பாராளுமன்றம் கேட்கேல்லை, கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். இராணுவச் சட்டம் போட்டு அடக்கி, புரன் அப்புவை ஓகஸ்ட் 8இல் சுட்டுக் கொன்றார்கள்.

என்னைப் பொறுத்தவரை எங்கட கத்தானியோக் காலம் 1926, 1927தான். 1926இல் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதியும், யாழ்ப்பாணத்தில் மேடையேறியும் சமஷ்டிதான் வழி என்று சொன்னவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. முப்பது வருடத்துக்குப் பிறகு தனிச் சிங்களம் கொண்டுவந்த அதே ஆள்தான். அடுத்த வருடம் கண்டியர் தேசிய சபை டொனமூர் ஆணைக்குழுவிடம், கண்டிக்கு ஒன்று, கரையோரச் சிங்களவருக்கு ஒன்று, வடக்கு கிழக்குத் தமிழருக்கு ஒன்று என மூன்று அலகு கேட்டது. ஆணைக்குழு மறுத்தது.

எங்கட தலைவர்களும் கண்டியரோடு சேர்ந்து அதைக் கேட்டிருந்தால்? ஆணைக்குழு அப்பவும் மறுத்திருக்கலாம். அதோடு, கண்டியரின் கோரிக்கைக்குள் தோட்டத்தில் வேலை செய்த தமிழர் பற்றிய பயமும் இருந்தது. அவர்களைக் கைவிட்டு வாங்கும் சமஷ்டியாக அது முடிந்திருக்கவும் கூடும். ஆனால் எங்கட பெரியவர்கள் சட்டசபையில் எத்தனை ஆசனம் என்ற கணக்கில் நின்றார்கள். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசோ பூரண சுயராச்சியம் கேட்டு 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தது. சமஷ்டிக் கட்சி 1949 டிசம்பரில் பிறந்தது. அதற்குள் பிரசாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரின் வாக்கு பறிபோக, கண்டிச் சிங்களவருக்கு ஆசனம் கூடிவிட்டது. 1927இல் கேட்டவர்களுக்கு இப்போது சமஷ்டி தேவைப்படவில்லை.

வாலிபர் காங்கிரஸ்காரரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் மெல்பேர்ணில் எங்கட ஆக்களுக்குள்ளும் இருப்பினம். கண்டியரின் கோரிக்கையைப் பற்றி அந்தக் காலத்தில் வீட்டில் ஏதும் கதைத்தவையோ எண்டு தெரிந்தவர்கள் அடுத்த மலருக்கு எழுதித் தந்தால் நல்லது.