வெள்ளீயமும் அதன் இரு பெயர்களும்

தனிமங்களின் அட்டவணையைப் பயிலும் மாணவர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஆங்கிலத்தில் 'டின்' என வழங்கும் வெள்ளீயத்திற்கு, அப்பெயரோடு சற்றும் ஒட்டாத 'எஸ்என்' என்னும் குறியீடு எவ்வாறு அமைந்தது? அணு எண் 50 கொண்ட இவ்வுலோகத்தின் இலத்தீன் பெயர் 'ஸ்டான்னம்' என்பதே விடை. ஆயினும் ஒரு பெயரின் வரலாறு அத்துடன் முடிந்துவிடுவதில்லை.

தனிமங்களை அவற்றின் இலத்தீன் பெயர்களின் முதலெழுத்தால் குறிக்கும் முறையை 1813, 1814ஆம் ஆண்டுகளில் வகுத்தளித்தவர் சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் பெர்ஸீலியஸ். 'எஸ்' என்னும் எழுத்தைக் கந்தகம் பெற்றுக்கொண்டது. சுருமாக் கல்லோடு சேர்த்துப் பேசப்படும் ஆண்டிமனியின் பெயர் 'ஸ்டிபியம்'. அதுவும் ஸ்டான்னமும் முதலிரண்டு எழுத்துகளில் ஒத்திருந்தன. அவ்வாறு ஒத்துவரும் இடத்தில், முதலெழுத்தோடு இரண்டிற்கும் பொதுவல்லாத முதல் மெய்யெழுத்தைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் விதி. அதன்படி வெள்ளீயத்திற்கு 'என்' துணையெழுத்தாயிற்று.

ஸ்டான்னம் என்னும் சொல்லும் தொடக்கத்தில் வெள்ளீயத்தைக் குறிக்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி அதனை வெள்ளியும் காரீயமும் கலந்த பொருளுக்கே வழங்கினார்; வெள்ளீயத்தை 'வெண்ணிற ஈயம்' என்றே அழைத்தார். கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில்தான் அச்சொல் இன்றைய பொருளைப் பெற்றது. தமிழில் வெள்ளீயம், காரீயம் எனவும், அரபியில் வெண்ணிற ரஸாஸ், கருநிற ரஸாஸ் எனவும் வழங்குவதை இதனோடு ஒப்பிட்டால், வெவ்வேறான இரு உலோகங்களை ஒன்றன் இரு வகைகளாக இம்மூன்று மொழியினரும் கருதியமை புலனாகும்.

அரபியர் இதற்கு 'கஸ்தீர்' என்ற பெயரையும் வழங்கினர். அது 'கஸ்ஸிடெரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் அரபி வடிவம். மற்றொரு பெயரான 'கலஈ' கடல்வழி வந்தது. 9ஆம் நூற்றாண்டினரான இப்னு குர்தாத்பிஹ், கீழ்க்கடலில் உள்ள 'கலாஹ்' என்னுமிடத்தில் கலஈ ஈயச் சுரங்கம் இருப்பதைக் குறிப்பிடுகிறார். அது மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையைச் சார்ந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. சோழர் கல்வெட்டுகள் கூறும் கடாரமே அது என்பாரும் உளர். அங்கிருந்து சென்ற பெயர் பாரசீகம், உருது வழியாகத் தமிழில் 'கலாய்' ஆயிற்று. செம்புத் தேக்சாக்களின் உட்புறத்தில் நவச்சாரமிட்டுக் கலாய் பூசுவோர், புளிப்புப் பட்டுச் செம்பு உணவில் கலவாமல் காப்பதோடு, ஒரு பழந்துறைமுகத்தின் நினைவையும் காத்து வந்தனர் எனலாம்.

அப்பாசியர் கால இராக்கின் குயவர்கள் இவ்வுலோகத்தை மற்றொரு வகையிலும் பயன்படுத்தினர். சீனத்து வெண்கலங்களைப் போன்றவற்றைச் செய்ய அவர்களிடம் வெண்களிமண் இல்லை. எனவே காரீய மெருகில் வெள்ளீய ஆக்சைடைக் கலந்து, மண்ணின் நிறம் தோன்றாதவாறு வெண்மை பூசினர். இக்கலை பின்னர் அந்தலூஸ் வழியே இத்தாலியை அடைந்தது. கி.பி. 1301இல் அபுல் காசிம் காஷானி பாரசீக மொழியில் எழுதிய நூலில் மெருகு செய்முறைகள் விளக்கப்பட்டுள்ளன.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை தேவை. பொட்டாசியத்தின் 'கே' என்னும் குறியீடு 'காலியம்' என்பதிலிருந்து வந்தது. அதன் மூலம் செடிச் சாம்பலைக் குறிக்கும் 'கலீ' என்னும் அரபிச் சொல். ஒலி நெருங்குவதால் அதனைக் கலஈயோடு மயங்குதல் கூடாது. கலஈயில் உள்ள 'ஐன்' எழுத்து கலீயில் இல்லை. அவ்வாறே, எஸ்என் என்னும் குறியீட்டிற்கு அரபி மூலம் தேடுவதும் வீண். அது இலத்தீனுக்கே உரியது. நம்முடையதல்லாத ஒன்றிற்கு நாம் உரிமை கோரினால், உண்மையில் நமக்குரியவையும் ஐயத்திற்குள்ளாகும். இராக்கியக் குயவரின் வெண்மெருகும், கலாஹ் கண்ட மாலுமிகளின் ஏடுகளும் நிலைத்த சான்றுகள். அவற்றைக் கற்று, உள்ளவாறு எடுத்துரைத்தலே முன்னோர்க்கு நாம் செய்யத்தக்க மரியாதை.