ஒஷாவாவும் செடான் காரும்: ஓர் ஐந்தொகை

வானொலியில் பேசியதை அச்சில் தாருங்கள் என்று சிலர் கேட்டதால், அன்று நேரம் போதாமல் விட்ட சில விடயங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

வருமான வரிக் காலம் வந்தால் தவறாமல் என்னிடம் வருகிற ஒரு அண்ணை இருக்கிறார். ஒஷாவா கார் ஆலைக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்த ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். 2020ஆம் ஆண்டு வரிப் பத்திரங்களோடு, வேலை போனதற்கான கடிதத்தையும் கொண்டு வந்து மேசையில் வைத்தார். அப்போது அவருக்கு 56 வயது. நான் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, “தம்பி, நீர் அண்டைக்கு ரேடியோவில சொன்னது ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டார்.

ஞாபகம் இருந்தது. 2008ஆம் ஆண்டு கோடையில் இதே வானொலியில், “பெரிய ட்ரக்குகளின் காலம் முடிந்துவிட்டது, இனிமேல் கார்களின் காலம்” என்று அரை மணி நேரம் பேசினேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர், ஒஷாவாவில் வீடு வாங்கலாமா என்று என்னிடம் வந்தார். “உங்கள் வேலை கார் பக்கம்தானே அண்ணை, பயமில்லாமல் வாங்குங்கள்” என்றேன். வாங்கினார்.

நான் எங்கே பிழைவிட்டேன்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஒஷாவாவின் பழைய கணக்குகளைப் புரட்டத் தொடங்கினேன்.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கிற ஒஷாவா, முதலில் குதிரை வண்டிகள் செய்த ஊர். மக்லாஹ்லின் குடும்பத்தாரின் வண்டித் தொழில் அங்கே பெரிதாக நடந்தது. 1907இல் அந்தக் குடும்பத்தின் சாம் மக்லாஹ்லின், பியூக் இயந்திரங்களை வைத்துக் கார் செய்யும் கொம்பனியைத் தொடங்கினார். 1918இல் அது ஜெனரல் மோட்டோர்ஸ் கனடா ஆனது. 1937 ஏப்ரலில் அங்கே நடந்த வேலைநிறுத்தம் கனடியத் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு திருப்பம். ஒன்ராறியோ முதல்வர் மிச் ஹெப்பேர்ண் அதை அடக்கவென்று விசேட பொலிஸ் படையே திரட்டினார்.

1965 ஜனவரியில் பிரதமர் லெஸ்டர் பியர்சனும் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜோன்சனும் வாகன உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதன்பின் எல்லையின் இரு பக்கமும் ஒரே சந்தை. கனடிய ஆலைகள் அமெரிக்கர்களுக்கு வாகனம் செய்தன. ஊருக்கு வேலை வந்தது. அதோடு, வாஷிங்டனில் எழுதும் சட்டம் ஒஷாவாவின் சாப்பாட்டு மேசையில் வந்து குந்தும் காலமும் வந்தது.

அந்த நாட்களில் வாகனம் என்றால் செடான்தான். முன்னால் இயந்திரத்துக்கு ஒரு பெட்டி, நடுவில் ஆட்களுக்கு ஒரு பெட்டி, பின்னால் சாமானுக்கு டிக்கி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பார்த்த மொறிஸ் மைனரும் ஏ40உம்கூட அந்தச் சாதிதான். 1994இல் நான் இங்கே வந்து முதலில் வாங்கிய பழைய ஷெவ்ரொலே லுமினா, ஒஷாவாவில் பிறந்த கார். 1992 முதல் 1996 வரை அமெரிக்காவில் அதிகம் விற்பனையான கார் ஃபோர்ட் டோரஸ் என்னும் குடும்பக் கார். அதற்குப் பின் அந்த இடத்தை ரொயோட்டா கம்ரி பிடித்தது.

ஆனால் ஒரு கணக்காளன் பார்க்க வேண்டிய இடம் விற்பனைப் பட்டியல் அல்ல. சட்டப் புத்தகமும் செலவுக் கணக்கும்தான் உண்மையைச் சொல்லும்.

முதலாவது, கோழி விவகாரம். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பியர்கள் தீர்வையைக் கூட்டினார்கள். பதிலடியாக ஜனாதிபதி ஜோன்சன், 1964 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஓர் ஆணையால், இறக்குமதியாகும் சிறு ட்ரக்குகளுக்கு 25 வீதத் தீர்வை போட்டார். கோழிச் சண்டை மறந்துபோனது, தீர்வை போகவில்லை. காருக்கான தீர்வையோ பின்னர் 2.5 வீதத்துக்கு இறங்கியது. ஜப்பானியர்கள் கார்ச் சந்தையில் வந்து மோதியபோது, பிக்கப் ட்ரக் மட்டும் மதில் கட்டிய வளவுபோல் டெட்ரொயிட் கொம்பனிகளுக்கே மிஞ்சியது. கனடாவில் செய்த ட்ரக் உடன்படிக்கையின்படி தீர்வையில்லாமல் போனதால், அந்த மதிலுக்கு உள்ளேதான் ஒஷாவாவும் இருந்தது.

இரண்டாவது, எரிபொருட் சட்டம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. ஒரு கொம்பனி விற்கும் கார்கள் சராசரியாக 1985இல் கலன் ஒன்றுக்கு 27.5 மைல் ஓட வேண்டும். சிறு ட்ரக்குகளோ விவசாயியும் தச்சரும் பாவிக்கும் வேலை வாகனங்கள் என்று தனியாகப் பிரிக்கப்பட்டு, குறைந்த அளவு வைக்கப்பட்டது. 1996 முதல் 2004 வரை அது 20.7 மைல் மட்டுமே. எண்ணெயை மிச்சம் பிடிக்க வந்த சட்டம், அதிக எண்ணெய் குடிக்கும் வாகனத்துக்கு ஒரு பின்கதவைத் திறந்துவிட்டது. 1984இல் வந்த ஜீப் செரோக்கி, 1990இல் வந்த ஃபோர்ட் எக்ஸ்புளோரர் எல்லாம் அந்தக் கதவால் நுழைந்தவைதான். பிரி. குரூசர் என்று ஒரு சிறிய குடும்ப வாகனம் இருந்ததே, அதன் பின் இருக்கைகளைக் கழற்றித் தளத்தைச் சமமாக்கலாம் என்பதால் சட்டப்படி அதுவும் ட்ரக்!

மூன்றாவது, வரி. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. கனடாவில் 2001 முதல் 2021 வரை, தொழிலுக்கு வாங்கும் பயணிகள் காருக்கு, விற்பனை வரி நீங்கலாக, 30,000 டொலர் வரைதான் பெறுமானத் தேய்வு கோரலாம். சாமானும் கருவிகளும் ஏற்றும் தொழிற் பாவனைக்கென்று நிபந்தனைகளோடு வாங்கும் பிக்கப்புக்கு அந்த உச்சவரம்பு இல்லை. அமெரிக்காவில் இதைவிடத் தாராளம். 6,000 இறாத்தலுக்கு மேல் மொத்த எடை கொண்ட வாகனங்களுக்கு, 2003இல் ஒரே ஆண்டில் 100,000 டொலர் வரை கழிக்க விட்டார்கள், எஸ்.யு.வி.களுக்கு 2004 ஒக்டோபரில்தான் அது 25,000 ஆகக் குறைக்கப்பட்டது. கட்டட வேலை செய்யும் எத்தனையோ பேருக்கு, “கார் வேண்டாம், பிக்கப் எடுங்கள்” என்று நானே சொல்லியிருக்கிறேன். சட்டப்படி அது சரியான ஆலோசனை. அப்படியான ஆலோசனைகள் எல்லாம் சேர்ந்து ஒரு சந்தையைச் சாய்க்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

நான்காவது, பங்களிப்பு. வர்த்தகமாணிப் படிப்பில் முதலாம் வருடத்திலேயே படித்த பாடம்: விலையிலிருந்து மாறும் கிரயத்தைக் கழித்தால் மிஞ்சுவது பங்களிப்பு, நிலையான கிரயத்தை அதுதான் சுமக்க வேண்டும். தொண்ணூறுகளில் ரொயோட்டாவின் ராவ்4, ஹொண்டாவின் சிஆர்வி ஆகியவை காரின் அடித்தளத்தின் மேலேயே உயரமான உடலை வைத்துச் செய்யப்பட்டன. இவைதான் குரொஸ்ஓவர்கள். செய்யும் செலவு சற்றே கூட. வாங்குபவர் கொடுக்கத் தயாரான விலை அதைவிடக் கூட. ஏறி இறங்க முழங்கால் வலிக்காது, பிள்ளையின் ஆசனத்தைக் குனியாமல் பூட்டலாம், பனியில் நம்பிக்கையாக ஓடலாம். பிக்கப்பில் லாபம் இன்னும் அதிகம். ஆக, மக்களின் விருப்பம் பொய்யல்ல. ஆனால் அந்த விருப்பத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது சட்டமும் லாபமும்.

இப்போது 2008க்கு வருவோம். அந்த ஜூலையில் மசகெண்ணெய் பீப்பாய் 147 டொலரைத் தொட்டது. ரொறன்ரோவில் பெற்றோல் லீற்றர் 1 டொலர் 30 சதத்தைத் தாண்டியது. ஜூன் 3ஆம் திகதியே ஜெனரல் மோட்டோர்ஸ், ஒஷாவா ட்ரக் ஆலை உட்பட வட அமெரிக்காவில் நான்கு ட்ரக் ஆலைகளை மூடப்போவதாக அறிவித்தது. தொழிற்சங்கத்தோடு புதிய ஒப்பந்தம் செய்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கோபமுற்ற தொழிலாளர்கள் கொம்பனியின் ஒஷாவாத் தலைமையகத்தை 12 நாட்கள் மறித்தார்கள். 2009 மே 14ஆம் திகதி ட்ரக் ஆலை மூடப்பட்டது. ஜூன் 1ஆம் திகதி ஜெனரல் மோட்டோர்ஸ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. கனடிய, ஒன்ராறியோ அரசுகள் எங்கள் வரிப் பணத்தில் ஏறத்தாழ 10.8 பில்லியன் டொலரைக் கொடுத்தன. கார் ஆலை தப்பியது.

இதைப் பார்த்துத்தான் நான் வானொலியில் அப்படிப் பேசினேன். அன்றைய விலையை நாளைய விலை என்று எடுத்துக்கொண்டேன். என்னைவிடப் பெரிய சம்பளம் வாங்கியவர்களும் அதையேதான் செய்தார்கள்.

பிறகு பெற்றோல் விலை இறங்கியது. மக்கள் மறுபடி உயரமான வாகனங்களுக்கு ஏறினார்கள். 2016 ஜனவரியில் ஃபியட் கிறைஸ்லர், டொட்ஜ் டார்ட், கிறைஸ்லர் 200 இரண்டையும் கைவிடுவதாகச் சொன்னது. 2018 ஏப்ரல் 25ஆம் திகதி ஃபோர்ட், வட அமெரிக்காவில் செடான்களுக்குப் புதிய தலைமுறை செய்யப்போவதில்லை என்று அறிவித்தது. டோரஸ் 2019 மார்ச்சில் முடிந்தது. 2018 நவம்பர் 26ஆம் திகதி ஜெனரல் மோட்டோர்ஸின் முறை. இம்பாலா, குரூஸ், லக்ரோஸ் போன்றவற்றோடு, மின்சாரத்திலும் ஓடிய வோல்ட்டும் நிறுத்தம். மின்வாகனங்களுக்கு முதலீடு செய்யப் பணம் மிச்சம் பிடிக்கிறோம் என்றார்கள். ஒஹாயோவின் லோட்ஸ்டவுனோடு ஒஷாவாவும் பட்டியலில் இருந்தது. 2,500க்கு மேற்பட்ட ஆலைத் தொழிலாளர்கள். அவர்களுக்குப் பின்னால், எங்கள் அண்ணையைப் போல, உதிரிப்பாகத் தொழிற்சாலைகளில் இன்னும் எத்தனையோ பேர். 2019 டிசம்பரில் வாகன உற்பத்தி நின்றது. பத்து வருடத்துக்கு முன் ட்ரக் விற்காது என்று ட்ரக் ஆலையை மூடினார்கள். இப்போது கார் விற்காது என்று கார் ஆலையை.

கதை அங்கேயும் முடியவில்லை. 2020இல் அந்த ஆலையில் முகக்கவசம் செய்தார்கள். அந்த நவம்பரில் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு வந்தது. 1 பில்லியன் டொலருக்கு மேல் முதலீடு. 2021 நவம்பரில் ஒஷாவாவிலிருந்து மறுபடி வாகனம் வெளியே வந்தது. என்ன வாகனம்? சில்வராடோ பிக்கப் ட்ரக்!

மின்வாகனமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. இம்பாலா செய்த டெட்ரொயிட் ஆலை மின்வாகன ஆலையாகியது. ஓக்வில் ஃபோர்ட் ஆலைக்கும் மின்வாகனம் வருவதாக இருந்தது. 2024 ஜூலையில் திட்டம் மாறி, பெரிய பிக்கப் என்றார்கள். இங்கர்சோல் ஆலையில் 2022 டிசம்பரில் தொடங்கிய மின்சார வான் உற்பத்தி முடிந்ததாக 2025 ஒக்டோபரில் அறிவித்தார்கள். அதே மாதம், 2023 டிசம்பரோடு கிறைஸ்லர் 300 செடானை முடித்துக் காத்திருந்த பிரம்டனுக்கு, வரவிருந்த ஜீப் இல்லினோய் மாநிலத்துக்குப் போகிறது என்ற செய்தி வந்தது. ஷெவ்ரொலேயின் கடைசிச் செடானான மலிபு 2024 நவம்பரில் முடிந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதி வாகனங்களுக்கு 25 வீதத் தீர்வை போட்டது. அடுத்த மாதமே ஒஷாவாவில் மூன்று வேலைமுறையை இரண்டாக்கும் அறிவிப்பு வந்தது. கோழிக்காகக் கட்டிய மதிலும் 25 வீதம்தான். அன்று ஒஷாவா மதிலுக்கு உள்ளே, இன்று வெளியே.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. செடான் செத்துவிட்டது என்பது முழு உண்மையல்ல. கனடாவில் இருபது வருடங்களுக்கு மேல் அதிகம் விற்ற கார் ஹொண்டா சிவிக். அது ஒன்ராறியோவின் அலிஸ்டனில் செய்யப்படுவது. டெட்ரொயிட் செடானைக் கைவிட்ட அதே 2018இல் டெஸ்லாவின் மொடல் 3 என்னும் மின்சாரச் செடான் நன்றாக விற்றது. செடான் விற்காது என்பதல்ல, தங்களுக்கு அதில் போதிய லாபம் வராது என்பதே டெட்ரொயிட் கணக்கு.

அண்ணையிடம் அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். “வீடு வாங்கச் சொன்னது சரி தம்பி. விலை ஏறிப்போச்சு. நீர் சொன்ன காரணம்தான் பிழை” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலை திரும்பத் திறந்தபோது அவர் வேலை செய்த இடம் திறக்கவில்லை. அறுபதை நெருங்கும் வயதில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலைக்குப் போனார். வீட்டின் விலை ஐந்தொகையில் சொத்துப் பக்கம் நிற்கும். அந்த இரவுகளை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

இப்போது யாராவது, “இனி மின்வாகனம்தானா, ட்ரக்தானா?” என்று கேட்டால் நான் ஆரூடம் சொல்வதில்லை. கொம்பனி ஒரு கணக்குப் பிழைத்தால் அதை நட்டமாகப் பதிந்துவிட்டு அடுத்த காலாண்டுக்குப் போகும். தொழிலாளிக்கு அடுத்த காலாண்டு என்று ஒன்று இல்லை. அடுத்த மாத வீட்டுக் கடன்தான் உண்டு. ஆகவே வேலை வலுவாக இருக்கும்போதே இன்னொரு தொழிலைப் பழகி வையுங்கள், ஆறு மாதச் செலவைச் சேர்த்து வையுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒஷாவா, பிரம்டன், ஓக்வில் ஆலைகளிலோ அவற்றுக்குப் பாகம் செய்த இடங்களிலோ வேலை செய்த தமிழர்கள் எங்கள் நேயர்களில் பலர். உங்கள் அனுபவத்தை நிலையத்துக்கு வந்து சொல்லுங்கள். ஒலிப்பதிவு செய்து வைப்போம். முதலாவதாக அந்த அண்ணை வருவதாகச் சொல்லியிருக்கிறார். என் பிழையையும் சேர்த்துத்தான் சொல்வாராம். சொல்லட்டும்.