அழிக்கச் சொன்ன நாட்குறிப்பு

கனடா நாட்டை 21 ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்ட பிரதமர் வில்லியம் லயன் மெக்கன்சி கிங். 1893இல், மாணவராக இருந்தபோது நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய அவர், 1950 ஜூலையில் இறப்பதற்குச் சில நாள் முன்புவரை விடாமல் எழுதினார். ஏறக்குறைய 30,000 பக்கங்கள்!

தாம் குறித்துக் காட்டும் பகுதிகள் தவிர மற்றதை அழித்துவிட வேண்டும் என்று உயில் எழுதினார். ஆனால், எந்தப் பகுதி என்பதைத் தெளிவாகக் குறிக்கவேயில்லை. உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள் திகைத்தார்கள். இறந்தவர் சொல்லை மீறலாமா? நாட்டின் சரித்திரத்தை நெருப்பிலிடலாமா? நெடுநாள் தயங்கி, காப்பது என்றே முடிவு செய்தார்கள். அவர் ஆவிகளுடன் பேச முயன்ற குறிப்பேடுகள் சிலவற்றை மட்டும் 1977இல் அழித்தார்கள். அவற்றையும் விட்டு வைத்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இன்று அந்த நாட்குறிப்பு கனடா அரசின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது; யாரும் படிக்கலாம். 1937 ஜூனில் பெர்லின் சென்று ஹிட்லரைச் சந்தித்த கிங், அவரை நல்லவர் என்று நம்பிப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். 1939 செப்டம்பரில் அதே ஹிட்லரை எதிர்த்துக் கனடா போரில் இறங்கியபோதும் பிரதமர் இவரே. அதன்பின் ஏறக்குறைய பதினோராண்டு உயிரோடிருந்தும், அந்தப் பக்கங்களை அவர் கிழித்தெறியவில்லை.