வலமும் திரும்பும் ஸ்டாக் கார்கள்: வாட்கின்ஸ் கிளென் பந்தயத் தளம் உருவான வரலாறு

அமெரிக்காவின் நாஸ்கார் கோப்பைத் தொடரில் ஆண்டுதோறும் நடைபெறும் 36 புள்ளிப் பந்தயங்களில் பெரும்பாலானவை நீள்வட்டத் தளங்களில் நடக்கின்றன. அங்கு கார்கள் இடஞ்சுழியாக ஓடுகின்றன. ஓட்டுநர் திரும்ப வேண்டியது இடப்பக்கம் மட்டுமே. எஞ்சிய சில பந்தயங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. சாலையைப் போல வலமும் இடமுமாக வளைந்து செல்லும் தளங்களில் அதே கார்களும் அதே ஓட்டுநர்களும் மோதுகின்றனர். இத்தகைய தளங்களுள் பழமையும் புகழும் மிக்கது, நியூயார்க் மாநிலத்தில் செனிகா ஏரியின் தென்முனையை ஒட்டி அமைந்துள்ள வாட்கின்ஸ் கிளென்.

இத்தளம் இன்றைய வடிவத்தை ஒரே முறையில் பெற்றுவிடவில்லை. அது ஊரை விட்டு வெளியேறியதும், அதன் வேகமான பகுதியில் புதிய வளைவுகள் சேர்க்கப்பட்டதும் உயிரிழப்புகளுக்குப் பிறகே நிகழ்ந்தன.

ரயில்களை நிறுத்திய பந்தயம்

கேமரூன் ஆர்கெட்சிங்கர் என்ற சட்ட மாணவரின் முயற்சியால் 1948 அக்டோபர் 2 அன்று வாட்கின்ஸ் கிளென் ஊரின் பொதுச் சாலைகளிலேயே முதல் பந்தயம் நடத்தப்பட்டது. சுமார் 10.6 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுற்றில் தார்ச் சாலையும் இருந்தது, சரளைக்கல் பாதையும் இருந்தது. வழியில் ஒரு ரயில் பாதை குறுக்கிட்டதால், பந்தயம் முடியும் வரை ரயில்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆல்ஃபா ரோமியோ காரில் வந்த பிராங்க் கிரிஸ்வோல்டு வெற்றி பெற்றார். அன்று பில் மில்லிகென் தமது புகாட்டி காரைக் கவிழ்த்த திருப்பம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பந்தயத்தில் தோற்றவரின் பெயர் இவ்வாறு நிலைத்திருப்பது அரிது.

ஊர்த் தெருவில் பார்வையாளர்கள் சாலையோரத்திலேயே நின்றிருந்தனர். 1950-இல் சாம் கோலியர் என்ற ஓட்டுநர் விபத்தில் உயிரிழந்தார். 1952-இல் ஒரு கார் பிரதான வீதியில் திரண்டிருந்த கூட்டத்தில் உரசியதில் 7 வயதுச் சிறுவன் பலியானான்; 12 பேர் காயமடைந்தனர். அத்துடன் ஊர்த் தெருப் பந்தயம் முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு ஊருக்கு வெளியே மேட்டுப்பகுதிச் சாலைகளுக்குப் போட்டி மாற்றப்பட்டது. 1956-இல் பந்தயத்துக்கென்றே 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தளம் அமைந்தது. 'சாலைத் தளம்' என்ற பெயர் நீடித்தாலும், அதன் பிறகு அது பொதுச் சாலையாக இல்லை.

நாஸ்காரின் வருகை

சாலைத் தளம் நாஸ்காருக்கு அப்போது முற்றிலும் புதிதன்று. 1954 ஜூன் 13 அன்று நியூஜெர்சி மாநிலத்தின் லிண்டன் விமான நிலையத்தில் அமைக்கப்பட்ட தற்காலிகத் தளத்தில் அத்தொடரின் முதல் சாலைவழிப் பந்தயம் நடந்தது. அதில் ஆல் கெல்லர் பிரிட்டிஷ் தயாரிப்பான ஜாகுவார் காரில் வென்றார். அமெரிக்கப் பெயர் தாங்காத ஒரு கார் நாஸ்காரின் முதன்மைத் தொடரில் மீண்டும் வெல்ல, 2008-இல் டொயோட்டா வெற்றி பெறும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாட்கின்ஸ் கிளெனில் ஸ்டாக் கார்கள் முதன்முதலாக 1957-இல் ஓடின. பக் பேக்கர் வென்றார். 1964-இல் பில்லி வேடும் 1965-இல் மார்வின் பான்ச்சும் வெற்றி பெற்றனர். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாஸ்கார் கோப்பைத் தொடர் அங்கு வரவில்லை. 1961 முதல் 1980 வரை அத்தளம் ஃபார்முலா 1 அமெரிக்க கிராண்ட் பிரிக்ஸின் இருப்பிடமாக விளங்கியது. அங்கு 1973-இல் பிரான்சின் பிரான்சுவா செவேரும், 1974-இல் ஆஸ்திரியாவின் ஹெல்முட் கோய்னிக்கும் உயிரிழந்தனர். ஃபார்முலா 1 வெளியேறிய பின் தளம் திவாலானது. 1983-இல் புதிய உரிமையாளர்களிடம் சென்று, 1984-இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1986-இல் திரும்பி வந்த நாஸ்கார் பந்தயத்தில் டிம் ரிச்மண்ட் முதலிடம் பெற்றார்.

1991 ஆகஸ்ட் 11

ஜே.டி. மெக்டஃபி பெரிய நிறுவனங்களின் ஆதரவின்றி, சொந்தக் காரை அதிகமும் தாமே பழுதுபார்த்து ஓட்டியவர். நாஸ்கார் முதன்மைத் தொடரில் 653 பந்தயங்களில் பங்கேற்றும் ஒரு வெற்றிகூடப் பெற்றதில்லை. 52 வயதான அவர், முந்தைய நாள் இரவு அருகிலுள்ள ஓவேகோவின் சிறிய தளத்தில் நடந்த உள்ளூர்ப் பந்தயத்தில் வென்றிருந்தார்.

மறுநாள் வாட்கின்ஸ் கிளென் பந்தயத்தின் 5-வது சுற்றில், நீண்ட பின்புற நேர்ப்பாதையின் முடிவில் உள்ள 5-வது வளைவை அவரது கார் நெருங்கியது. வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் சக்கரம் ஒன்று கழன்றது. கார் புல்வெளியில் சறுக்கி, டயர் அடுக்குகளாலான தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. மெக்டஃபி அங்கேயே உயிரிழந்தார். நீண்ட இடைவெளிக்குப் பின் தொடர்ந்த பந்தயத்தில் எர்னி இர்வன் வென்றார்.

அதே வளைவில் ஒன்றரை மாதத்துக்குள் நேர்ந்த இரண்டாவது பெரும் விபத்து அது. ஜூன் மாத இறுதியில் நடந்த மற்றொரு வகைப் பந்தயத்தில், சாலைத் தள ஓட்டுநர் டாமி கெண்டல் அங்கு மோதி இரு கால்களிலும் கடுமையாகக் காயமடைந்திருந்தார். நேர்ப்பாதையின் முழு வேகத்தையும் ஒரே வளைவில் அடக்க வேண்டியிருந்ததும், பிரேக்கோ சக்கரமோ கைவிட்டால் காரைத் தணிக்கப் போதிய இடம் இல்லாததுமே சிக்கலின் மையம்.

1992-இல் அந்த நேர்ப்பாதையின் இறுதியில் வலம், இடம், இடம், வலம் எனத் திரும்பும் குறுக்கு வளைவுகள் அமைக்கப்பட்டன. சாலையோரம் ஒதுங்கி மீண்டும் சாலைக்குத் திரும்பும் பேருந்தின் தடத்தை ஒத்திருப்பதால் இதற்கு 'பஸ் ஸ்டாப்' என்று பெயர். வேகத்தைக் குறைக்க வைத்த இந்த அமைப்பே பின்னாளில் முந்திச் செல்வதற்கான முக்கிய இடமாகவும் மாறியது. நாஸ்கார் பயன்படுத்தும் சுற்று இன்று 2.45 மைல், அதாவது சுமார் 3.94 கிலோமீட்டர். அண்மை ஆண்டுகளில் 90 சுற்றுகளாக, ஏறத்தாழ 355 கிலோமீட்டர் தொலைவுக்குப் பந்தயம் நடத்தப்பட்டு வந்துள்ளது.

கனமான கார், குறுகிய பாதை

நாஸ்கார் கோப்பைத் தொடரின் கார், ஓட்டுநரும் எரிபொருளும் நீங்கலாகவே சுமார் 1,450 கிலோ எடை கொண்டது. அதன் வி8 இயந்திரம் ஏறத்தாழ 5.9 லிட்டர் கொள்ளளவு உடையது. இவ்வளவு எடையை ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை நிறுத்தி, திருப்பி, மீண்டும் வேகப்படுத்த வேண்டும். பெரிய நீள்வட்டத் தளங்களில் பிரேக்குக்கு வேலை குறைவு. இங்கு அதுவே பந்தயத்தைத் தீர்மானிக்கிறது.

வாட்கின்ஸ் கிளெனில் கார்கள் வலஞ்சுழியாக ஓடுகின்றன. தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் செங்குத்தாக வலப்பக்கம் திரும்பும் முதல் வளைவு. அடுத்து, நீல வண்ணம் பூசிய இரும்புத் தடுப்புகளுக்கு இடையே மேடேறும் தொடர் வளைவுகள். அங்கு சறுக்கினால் ஒதுங்க இடமில்லை.

முன்பு அணிகள் சாலைத் தளங்களுக்கெனத் தனிக் கார்களையே வைத்திருந்தன. நீள்வட்டத் தளக் கார்கள் இடப்பக்கம் திரும்புவதற்கு ஏற்ப ஒருபுறம் சாய்வாகச் சீரமைக்கப்பட்டிருந்ததே காரணம். 2022-இல் அறிமுகமான புதிய தலைமுறைக் கார், இருபுறமும் சமச்சீரான உடலமைப்பும், பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷனும், ஐந்து வேக வரிசைக் கியரும் கொண்டது. இதனால் கார் சாலைத் தளத்துக்கு நெருக்கமானது. ஆனால் எல்லாருடைய காரும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டதால் முந்துவது கடினமாகிவிட்டது என்ற குறையும் எழுந்துள்ளது. அது நியாயமான குறையே.

இறுதியிலிருந்து எண்ணப்படும் கணக்கு

சாலைத் தளத்தில் அணிகள் எரிபொருள் கணக்கைக் கடைசிச் சுற்றிலிருந்து பின்னோக்கிப் போடுகின்றன. தொட்டியை நிரப்பினால் எந்தச் சுற்றிலிருந்து இறுதி வரை ஓட முடியும் என்பதே முதல் கேள்வி. சுற்று நீளமானது என்பதால், 'பிட்' எனப்படும் பராமரிப்புப் பகுதிக்குச் சென்று திரும்பினாலும் பெரும்பாலும் ஒரு சுற்று பின்தங்க நேராது. எனவே துணிந்து முன்கூட்டியே நிற்பவர்களும் உண்டு.

2017 முதல் ஒவ்வொரு பந்தயமும் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, இடைக்கட்டங்களின் முடிவில் முதல் பத்து இடங்களுக்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. கட்டம் முடிவதற்குச் சற்று முன்பே எரிபொருள் நிரப்புபவர் அந்தப் புள்ளிகளை இழப்பார். ஆனால் அடுத்த கட்டத்தில் முன்வரிசையில் நிற்பார். 2023-இல் சாலைத் தளங்களில் கட்ட இடைவேளை மஞ்சள் கொடி கைவிடப்பட்டது. பின்னர் அது திரும்ப வந்தது.

வெளியிலிருந்து வந்தவர்கள்

சாலைத் தளங்களுக்கு மட்டும் சிறப்பு ஓட்டுநர்களை வரவழைப்பது அணிகளின் நெடுநாள் வழக்கம். வெற்றி அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை. கனடாவின் ரான் ஃபெல்லோஸ் 1999-இலும் 2004-இலும் வாட்கின்ஸ் கிளெனில் இரண்டாமிடத்துடன் திரும்பினார். அவரை முந்திய ஜெஃப் கார்டனும் டோனி ஸ்டீவர்ட்டும் முழுநேர நாஸ்கார் ஓட்டுநர்கள். ஐந்து வெற்றிகளுடன் ஸ்டீவர்ட்டே இத்தளத்தின் சாதனையாளர்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து முழுநேரமாகப் பங்கேற்ற மார்கோஸ் ஆம்புரோஸ் 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் வென்றார். அவற்றுள் 2012 பந்தயத்தின் கடைசிச் சுற்று இன்றும் பேசப்படுகிறது. பாதையில் எண்ணெய் சிந்திக் கிடக்க, முன்னிலையில் இருந்த கைல் புஷ், பிராட் கெசலோவ்ஸ்கியின் கார் இடித்ததில் சுழன்றார். பின்னர் கெசலோவ்ஸ்கியும் ஆம்புரோஸும் மாறி மாறி முந்தி, புல்லிலும் ஓடி, இறுதிக் கோட்டை அடைந்தனர்.

இதற்கு நேர்மாறான பயணத்தை மேற்கொண்டவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா 1-இல் பங்கேற்றிருந்த அவர் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடருக்குச் சென்று நீள்வட்டத் தளங்களில் ஓட்டினார். அந்த ஆண்டு அத்தொடரின் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அபிமான ஓட்டுநரும் அவரே.

நிலைமையை மாற்றியவர் நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன். ஆஸ்திரேலிய சூப்பர்கார்ஸ் தொடரில் மூன்று முறை சாம்பியனான அவர், 2023 ஜூலையில் சிகாகோ தெருப் பந்தயத்தில் தமது முதல் நாஸ்கார் கோப்பைப் பந்தயத்திலேயே வென்றார். நீள்வட்டத் தள ஓட்டுநர்கள் இடது காலால் பிரேக் அழுத்த, அவர் வலது காலால் அழுத்தி, இடது காலைக் கிளட்ச்சுக்குப் பயன்படுத்துகிறார்.

2024 செப்டம்பரில் வாட்கின்ஸ் கிளெனில் அவர் கடைசிச் சுற்று வரை முன்னிலை வகித்தார். பஸ் ஸ்டாப் பகுதியில் அவர் செய்த சிறு பிழையைப் பயன்படுத்தி கிறிஸ் பியூஷர் முந்திச் சென்று வென்றார். 2025 ஆகஸ்ட் 10 அன்று அங்கு திரும்பிய வான் கிஸ்பெர்கன், 11 விநாடிகளுக்கும் கூடுதலான இடைவெளியில் முதலிடம் பெற்றார். மெக்சிகோ சிட்டி, சிகாகோ, சோனோமா, வாட்கின்ஸ் கிளென், ஷார்லட் என அந்த ஆண்டின் ஆறு சாலைவழிப் பந்தயங்களில் ஐந்தை அவரே வென்றார். கோப்பைத் தொடரில் அது அவரது முதல் முழு ஆண்டு.